வராத தண்ணீர்

முள்ளித்துறைக்குள் கடல் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை முடிந்து சனம் வீடு திரும்பிய நேரத்தில். அது வீட்டுப்பாடமாக வந்ததால் யாரும் எழுந்து ஓடவில்லை.

கஸ்பார் தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளே இடுப்புக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. முந்தின நாள் அவனுடைய மூத்த மகள் ஜெனிஷா, ஒன்பதாம் வகுப்பு, சுண்ணாம்பில் சொட்டு நீலத்தைக் கலந்து நாலு சுவரிலும் இழுத்திருந்த கோட்டுக்கு ஒரு நூல் கூடாமலும் ஒரு நூல் குறையாமலும், பச்சையும் நீலமுமாக, அடியில் மணல் தெரிய, அது நின்றது. திறந்த வாசலில் கண்ணாடிப் பலகைபோல் நிமிர்ந்து நின்றதே தவிரத் தெருவுக்கு ஒரு சொட்டும் வழியவில்லை. கஸ்பார் கையை விட்டுப் பார்த்தான், நனையவில்லை. காலை வைத்தான், நனையவில்லை. ஒரு மத்திக் கூட்டம் அவன் முழங்காலுக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறித் தன் வழியே போனது.

"என்னத்துக்கு வாசல்லயே நிக்கீங்க? உள்ள போங்க, எனக்குக் காலு கடுக்கு," என்றாள் பின்னால் நின்ற அவன் மனைவி பிரகாசி. போனார்கள்.

அந்த வீட்டுப்பாடத்தின் வரலாற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். வரலாறு தெரியாமல் கோபப்படுகிறவர்கள் பாதி வழியில் தணிந்துவிடுவார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கணினி அறையில் சுவரை அடைத்து ஒரு திரை இருந்தது. சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு அந்தத் திரையில் அனுசுயா அக்கா வருவார். கடல் விஞ்ஞானி, எங்கோ தொலைவில், ஒரு மாடி வீட்டில், கிறீச்சிடும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, கரி எரிந்தால் காற்று ஏன் சூடாகும், காற்று சூடானால் கடல் ஏன் உப்பும், துருவத்துப் பனி உருகினால் அதற்கு முள்ளித்துறையில் என்ன வேலை என்றெல்லாம் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்தார். அவர் யாரையும் பயமுறுத்தவில்லை. ஓர் எண்ணைக் கொடுத்து, இதை நம்பாதீர்கள், நீங்களே சரிபாருங்கள் என்பார். பயமுறுத்துவதைவிட ஆபத்தான பழக்கம் அது என்பது பிறகுதான் கம்பெனிக்கு விளங்கியது. கம்பெனி என்றால் ஊருக்கு வடக்கே மேட்டில் இருக்கும் அனல் மின் நிலையம். அதன் இரண்டு புகைக்குழாய்களும் கணினி அறையின் சன்னலில் தெரியும், பாடத்துக்குப் படம் வரைந்து மாட்டியதுபோல.

மூன்றாவது சனிக்கிழமை அக்கா கேட்டார்: "உங்களுக்கு எழுபது வயதாகும்போது, ஒரு புயல் நாளில், கடல் உங்கள் வீட்டில் எந்த உயரத்துக்கு நிற்கும்? கணக்குப் போட்டுச் சுவரில் கோடு இழுங்கள். இழுத்த பிறகு நீங்கள் செய்ய வேண்டியது என்னவென்றால்..."

அந்த இடத்தில் இணைப்பு அறுந்தது. அக்கா திறந்த வாயோடு திரையில் உறைந்து நின்றார். மணி அடிக்கும்வரை இருபத்திரண்டு பிள்ளைகளும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுந்து கோடு இழுக்கப் போனார்கள்.

கோடு இழுப்பது கொத்தனார் வேலை. நீளமான கண்ணாடிக் குழாயில், அதாவது கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயில், தண்ணீரை நிரப்பி, ஒரு முனையைத் தெரிந்த உயரத்தில் ஒருவர் பிடிக்க வேண்டும். மறுமுனையைத் தெரியாத சுவரில் இன்னொருவர் பிடிக்க வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் ஆடி ஆடி நிற்கும் இடம் இரண்டு பக்கமும் ஒரே மட்டம். நடக்கும்போது இரு முனையையும் பெருவிரலால் அடைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சிந்திவிடும். கொத்தனாருக்கு இது கைப்பழக்கம். முக்கியமான விஷயம், இதை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. படகுத்துறைத் தூணில் தொடங்கி வீடு வீடாக, இருநூற்றுச் சொச்சம் வீடுகளுக்கும், கடைசியில் பள்ளிக்கூடத்துக் கணினி அறைக்கும் பிள்ளைகள் அந்த மட்டத்தைக் கடத்திக்கொண்டுபோனார்கள். கடற்கரை வீடுகளில் கோடு இடுப்புக்கு மேல் வந்தது, பள்ளிக்கூடத்தில் தொடைக்கு. கம்பெனி மேட்டுக்குப் பிள்ளைகள் போகவில்லை, காவல்காரன் விடவில்லை. அந்தக் காவல்காரன் கஸ்பார்தான். புகைக்குழாய்கள் வந்து, சுடுதண்ணீர் கழிமுகத்தில் விழுந்து, மீன் செத்து, அவனுடைய படகு கரையேறிய பிறகு, அவன் நீலச்சட்டை போட்டு அந்தப் புகைக்குழாய்களுக்கே காவல் இருந்தான். இதில் உள்ள வேடிக்கை அவனுக்குத் தெரியாமல் இல்லை, சிரிக்கத்தான் நேரமில்லை.

அதிசயங்களோடு குடித்தனம் நடத்த மனிதருக்கு ஒரு வாரம் போதும். கோட்டுக்குக் கீழே நெருப்பு நிற்கவில்லை, ஆகவே அடுப்பைச் செங்கல் அடுக்கி உயர்த்தினார்கள். மாதா படத்தை ஓர் ஆணி மேலே மாட்டினார்கள். மீனைப் பிடிக்க முடியவில்லை, கைக்குள் வழியாகப் போய்விட்டது. இன்னும் பிறக்காத மீனை எப்படிப் பிடிப்பது என்று கிழவர்கள் தங்களைச் சமாதானம் செய்துகொண்டார்கள். அதற்கு 'வராத தண்ணி' என்று பெயரும் வைத்தார்கள். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் திருக்கை மீனைத் தலைமாட்டில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, சுற்றுச்சூழல் பற்றி ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு, குடித்த தண்ணீர் பாட்டிலைத் தெருவிலேயே எறிந்துவிட்டுப் போனார்கள். கம்பெனி வீட்டுக்கொரு பிளாஸ்டிக் முக்காலி கொடுத்தது, கம்பெனிப் பெயர் அச்சிட்டது.

ஒன்றுக்கு மட்டும் பழக முடியவில்லை. கோட்டுக்குக் கீழே பேசினால் கேட்கவில்லை. பெரியவர்களுக்கு இது தொந்தரவில்லை, வாய் கோட்டுக்கு மேலே இருந்தது. சிறு பிள்ளைகள் வீட்டுக்குள் நுழைந்த மாத்திரத்தில் ஊமையானார்கள். கஸ்பாரின் இளையவள் ஷைனிக்கு நாலு வயது. தெருவில் ஊரைக் கூட்டிக் கத்துவாள், வாசலைத் தாண்டியதும் வாய் அசையும், சத்தம் வராது. பசியா, வலியா, பொய்யா என்று அறிய அவளைத் தூக்கி இடுப்பில் வைக்க வேண்டும். முள்ளித்துறைப் பெண்களுக்கு நாலு மாதத்தில் ஓர் இடுப்பு கோணியது.

"தூக்கி வச்சுக் கேக்கதுக்கு வீட்டுல ஆளு இருக்கு," என்றாள் ஜெனிஷா ஒருநாள், அப்பனுடைய நீலச்சட்டையை முறைத்துக்கொண்டு. "ஊரத் தூக்கி வச்சு எவன் கேப்பான்?"

"வாய்க் கொழுப்பு உனக்கு," என்றான் கஸ்பார். "அந்த டிவி அக்காகிட்ட படிச்சதா?"

"அக்கா படிப்பிச்சது அளக்கதுக்கு. கொழுப்பு உங்ககிட்ட இருந்து வந்தது."

வருவாய்த் துறையும் வந்தது. தமிழில் கடலுக்குப் பெயர் பஞ்சம் இல்லை. ஆழி, ஆர்கலி, முந்நீர், பௌவம், புணரி, பரவை, அளக்கர் என்று பழைய நிகண்டுகள் அடுக்கிக்கொண்டே போகும். கழுத்தில் டவலும் கையில் கோப்புமாக வந்த அதிகாரி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, கண்ணெதிரே ஒரு நண்டு சுவரில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, அந்த அட்டவணையில் ஒரு புதுப் பெயரைச் சேர்த்தார்: 'ஈரப்பதம்'. நனைக்கவில்லையே, அப்புறம் எப்படி ஈரப்பதம் என்று பிரகாசி கேட்டதற்கு, நனைத்தால் வெள்ளம் என்று எழுத வேண்டிவரும், வெள்ளத்துக்கு வேறு படிவம், அது இப்போது கையிருப்பில் இல்லை என்றார்.

இப்படி எதையாவது எழுதி முடிக்கிற அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கம்பெனி மூன்றாவது புகைக்குழாய் கட்டப் போகிறது. அதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்க வேண்டும். கூட்டத்தில் வைக்கும் அறிக்கையில் 'அருகிலுள்ள குடியிருப்புகளுக்குக் கடலால் பாதிப்பில்லை' என்று ஒரு வரி அச்சாகிவிட்டது. அச்சான வரியை மாற்றுவதைவிடச் சுவரில் உள்ள வரியை மாற்றுவது எளிது. கம்பெனி மேனேஜர் ஊர்க் கமிட்டியிடம் பேசினார். பள்ளிக்கூடத்தில் இணையம் துண்டிக்கப்பட்டது, பராமரிப்பு என்றார்கள். அந்த மூன்றாவது சனிக்கிழமையிலிருந்து திரையில் உறைந்தே கிடந்த அனுசுயா அக்காவின் வாய் திறந்தபடியே அணைந்தது.

முள்ளித்துறைக் கமிட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு, அவர்கள் அப்பன் பாட்டன் காலத்து வழக்கம். ஒருவன் வலையை இன்னொருவன் படகு கிழித்தால், யார் மேல் தப்பு என்று விசாரிப்பதில்லை. நட்டம் பாதிப் பாதி. கடலில் நடந்ததற்குச் சாட்சி கிடையாது, ஆகவே பாதிதான் நியாயம். நல்ல வழக்கம், ஊரில் வெட்டுக்குத்து இல்லாமல் வைத்திருந்தது. கம்பெனி கோடே வேண்டாம் என்கிறது, கடல் இவ்வளவு உயரம் என்கிறது என்று விவகாரம் வந்தபோது, கமிட்டித் தலைவர் தொம்மை இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, கேட்டு என்றால் கம்பெனியைக் கேட்டும் கடலைப் பார்த்தும், தீர்ப்புச் சொன்னார்: "பாதிப் பாதி. பழைய கோட்ட அழிச்சுட்டு, பாதி ஒசரத்துல புதுசு போடுங்க."

"மாமா, கடல் ஒங்க கமிட்டியில மெம்பரா?" என்று ஜெனிஷா கூட்டத்தில் எழுந்து கேட்டாள்.

"உக்காரு ஏளா. பெரியவங்க பேசுத எடம்."

"அது பாதிக்கு ஒத்துக்கிட்டுச்சா? கையெழுத்துப் போட்டுச்சா?"

சிரித்தார்கள். பிறகு சுண்ணாம்பு கரைத்தார்கள். வீட்டுக்கு வீடு அழிக்கும் வேலையைக் கம்பெனி தன் காவல்காரர்களிடம் ஒப்படைத்தது. கஸ்பார் தன் வீட்டை எல்லாவற்றுக்கும் கடைசியாக வைத்திருந்தான், ஆனாலும் அழித்தான். மகள் நாலு சுவரிலும் இழுத்த கோட்டை நாலு சுவரிலும் பூசி மறைத்து, பாதி உயரத்தில் புதுக்கோடு போட்டான். ஜெனிஷா வாசலில் நின்று கடைசிவரை பார்த்தாள். அன்றோடு அவனிடம் பேசுவதை நிறுத்தினாள். அப்பனுக்குச் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்ல, அம்மா அவனிடம் சொன்னாள். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தார்கள்.

தண்ணீர் பாதிக்கு இறங்கவில்லை. நின்ற இடத்தில் நின்றது. மறுநாள் காலை கஸ்பார் கட்டிலிலிருந்து காலை இறக்கியபோது பாதம் நனைந்தது. உப்பு. அதற்கு மறுநாள் கணுக்கால். ஒரு நாளைக்கு இரண்டு விரற்கடை வீதம், வராத தண்ணீருக்கு அடியிலிருந்து வந்த தண்ணீர் ஏறியது. அரிசி மூட்டை ஊறியது, பாடப்புத்தகம் ஊறியது, கம்பெனி முக்காலி மிதந்தது. நியாயம் தவறிவிட்டதே என்று தொம்மை நெஞ்சார வருத்தப்பட்டார். கடல் பேச்சு மாறும் என்று அவர் நினைக்கவில்லை.

"அப்பாகிட்டச் சொல்லும்மா," என்றாள் ஜெனிஷா. "அவங்க ஒசரத்தப் பாதியாக்கல. தண்ணி வாற நாளப் பாதியாக்கிட்டாங்க."

பதினேழாம் நாள், ஷைனி தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவள், நாலு மாதமாக ஓடி வந்ததுபோலவே வாசலைத் தாண்டி உள்ளே ஓடி வந்தாள். தண்ணீர் நனைக்கும் என்பதைப் பெரியவர்கள் அவளுக்குத் தினமும் சொன்னார்கள்தான். நாலு வயதுக்கு நாலு மாதம் பெரிய பழக்கம். கால் வழுக்கி மல்லாந்து விழுந்தாள். கஸ்பார் இரண்டு எட்டு தள்ளி முதுகைக் காட்டி நின்று வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் கத்தினாள். கத்தியது கோட்டுக்குக் கீழே. அந்தக் கோடு சுவரில் இல்லாவிட்டாலும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசிப் பொத்தானுக்குக் குனிந்தபோது அவளுடைய கை தற்செயலாகக் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். தூக்கினான், குப்புறப் போட்டான், முதுகில் தட்டினான். உப்புத் தண்ணீராகக் கக்கினாள். இடுப்பில் வைத்ததும் அவள் குரல் கேட்டது: "அப்பா, ஒன்னய எத்தன தடவ கூப்புட்டேன்."

அவன் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். அன்றைக்குத்தான் கருத்துக் கேட்புக் கூட்டம்.

கூட்டம் நடந்தது பள்ளிக்கூடத்துக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், கம்பெனி கட்டிக்கொடுத்த சமுதாயக் கூடத்தில். தரையை உயர்த்தி, நாலு படி வைத்து, பள்ளிக்கூடத் தரையைவிட ஒரு சாண் மேலே இருக்கும்படி கட்டியது. மேடை அதற்கும் ஒன்றரை அடி மேலே. கஸ்பாருக்கு வாசல் காவல்; வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டும், அதோடு கயிற்றில் கட்டிய நீலப் பேனாவும் அவன் பொறுப்பில். பஸ் வைத்துக் கூட்டிவந்த வெளியூர்க்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, மூன்றாவது புகைக்குழாய் வந்தால் தங்கள் பிள்ளைகள் படிப்பார்கள் என்று கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார்கள். முள்ளித்துறைக்காரர்கள் பின்னால் நின்றார்கள். பிரகாசி ஷைனியை இடுப்பில் வைத்திருந்தாள். மேடையில் தலைமை அதிகாரி, பக்கத்தில் மேனேஜர். "கடலால் பாதிப்பில்லை" என்ற வரி வாசிக்கப்பட்டது. பின்னால் இருந்து சத்தம் எழுந்தது. "ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள், ஆதாரத்தோடு," என்றார் அதிகாரி.

ஊரில் ஆதாரம் ஏது, எல்லாம் சுண்ணாம்புக்கு அடியில். ஆனால் வெள்ளையடிக்க வந்தவர்கள் ஒரு சுவரை மறந்துவிட்டார்கள். கணினி அறையில் திரை மாட்டிய சுவர். திரையைக் கழற்ற யாருக்கும் பொறுமை இல்லை. அதற்குப் பின்னால், தொடை உயரத்தில், சொட்டு நீலக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

முதலில் கஸ்பார் பார்த்தது பிள்ளைகளை. பள்ளிக்கூட வாசலிலிருந்து தெருவுக்குக் குறுக்கே, சீருடையில், கைக்கெட்டும் தூரத்துக்கு ஒருவராக இருபத்தொரு பேர் வரிசையாக நின்றார்கள். அவர்கள் தோள்களின் மேல், மூன்று நாலு கொத்தனார் குழாய்களை ஒட்டுப்போட்டு நீளமாக்கிய ஒரு கண்ணாடிக் குழாய், வயிற்றில் தண்ணீரோடு, பாம்புபோல வந்தது. கடைசியில் நின்ற பெண் படியேறி வந்து முனையைப் பெருவிரலால் அடைத்தபடி கூடத்து வாசலில் நின்றாள். உள்ளே விடுவதா வேண்டாமா என்பது போல அவனைப் பார்த்தாள்.

மேனேஜர் மேடையிலிருந்து பார்த்துவிட்டார். "கஸ்பார்! அதப் புடுங்கி எறி."

கஸ்பார் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் கையிலிருந்து குழாயை வாங்கினான். எறியத்தான் போகிறான் என்று முன்வரிசை நினைத்தது. பின்வரிசையும் அப்படித்தான் நினைத்தது, அவனைப் பற்றி அதற்கு மேல் நினைக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. அவன் தன் பெருவிரலால் முனையை அடைத்துக்கொண்டு கூடத்துக்குள் நடந்து, மேடையை ஒட்டிய சுவரில் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, விரலை எடுத்தான்.

தண்ணீர் துள்ளி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கணினி அறையில், குழாயின் மறுமுனையிலிருந்து ஒரு கேள்வி கிளம்பி, தெரு வரிசையில் வாய் மாறி வாய் மாறி உள்ளே வந்தது. அந்தக் கடைசிப் பெண் அதைக் கஸ்பாரிடம் சேர்த்தாள்: "மாமா, அங்கன நிக்குதான்னு ஜெனிஷா கேக்கா."

மகள் நேரடியாகப் பேசவில்லை. ஆனாலும் கேட்டது அவள்.

"ஆடுது. செத்த பொறுக்கச் சொல்லு."

"வேலைய மறந்துரு நீ!" என்றார் மேனேஜர்.

"எய்யா கஸ்பாரு," என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள், "கழுத்து ஒசரத்துக்குப் போடுய்யா! முங்கிச் சாவட்டும்!"

அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மகளைக் குப்புறப் போட்டுத் தட்டிய கை இன்னும் எரிந்தது; மேடையில் உட்கார்ந்தவர்களின் கழுத்து அவன் கண்ணுக்கு நேரே இருந்தது, ஒரு முழம் ஏற்றிப் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள், எவன் இவ்வளவு நாள் சரியாக அளந்தான். கை மேலே போகத் துடித்தது. குழாய்க்குள் தண்ணீர் முழங்கால் உயரத்தில் வந்து நின்றது. கஸ்பார் அதைப் பார்த்தான். வாழ்நாள் முழுக்கக் கடலைப் பார்த்தவன், ஆனால் அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு அசையாமல் அது நின்று பார்த்ததில்லை.

"நிக்குது," என்றான். நோட்டிலிருந்து பேனாவைக் கயிற்றோடு அறுத்து, மண்டியிட்டு, தண்ணீர் நின்ற இடத்தில் சுவரில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்தான்.

கடல் வந்தது. அவர்களே பாதியாக்கச் சொன்ன தண்ணீர் என்பதால் நனைத்துக்கொண்டே வந்தது. முன்வரிசையின் முழங்காலில் ஏறி, பார்த்துப் படித்த தாள்களைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மேடையின் விளிம்பைத் தாண்டி, நாலு விரற்கடை ஆழத்துக்கு மேடைமேல் பரவி, அங்கே நின்றது. நாலு விரற்கடை பெரிய ஆழமில்லை. ஒரு ஜோடி பூட்ஸை நிரப்ப அது போதும். தலைமை அதிகாரி இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். மேனேஜரும் வைத்துக்கொண்டார். பந்தியில் இடம் கிடைக்காத பிள்ளைகள்போல இருவரும் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இது எப்ப வடியும்?" என்று அதிகாரி பொதுவாகக் கேட்டார்.

"எங்க வீட்டுல நாங்களும் அதத்தான் சார் கேட்டுக்கிட்டு இருக்கோம்," என்றாள் பிரகாசி. அவள் ஷைனியை இடுப்பிலிருந்து இறக்கித் தண்ணீரில் நிறுத்தினாள். அந்தக் கூடத்தில் அது குழந்தையின் இடுப்புக்குத்தான் வந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு, கூரைக்குக் கீழே தன் சொந்தக் காலில் நின்று, ஷைனி மேடையைப் பார்த்துக் கையை நீட்டி, தெருவில் கத்தும் குரலில் கத்தினாள்: "காலக் கீழ எறக்குங்க!"

கூடம் முழுக்கக் கேட்டது. பிறகு கூடம் முழுக்க அதையே சொன்னது.

யாரும் காலை இறக்கவில்லை. அறிக்கையில் கையெழுத்தும் விழவில்லை. ஊறிய தாளில் மை நிற்கவில்லை. கஸ்பார் நீலச்சட்டையைக் கழற்றித் தண்ணீரில் விட்டான். அது கை இரண்டையும் விரித்துக்கொண்டு மேனேஜரின் நாற்காலிப் பக்கம் மிதந்து போனது. அவன் குழாய் முனையை இன்னும் கையில் பிடித்திருந்தான்.

"அடுத்து எந்தச் சுவருன்னு கேளு," என்றான் அந்தப் பெண்ணிடம்.

கேள்வி படியிறங்கி, தெருவைக் கடந்து, இருபத்தொரு வாய் மாறி, திரையைக் கழற்றிய சுவருக்குப் போனது. பதில் வரக் கொஞ்சம் நேரமானது. வந்தபோது, வரிசையில் ஒவ்வொருவரும் அதை அவள் சொன்ன கோபத்தோடேயே, ஒரு சொல் குறையாமல் கடத்தினார்கள்:

"நிறைய இருக்குப்பா. தண்ணி சிந்தாம வெரல வச்சு அடைச்சுக்கிட்டு நில்லுங்க, வாறேன்."

கஸ்பார் பெருவிரலை வைத்து அடைத்துக்கொண்டு நின்றான்.